‘டிட்’ வந்த பிறகு ‘ரிசீவ்ட்’ எதற்கு?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, பின்னர் பி.காம். முடித்து, ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் மின்னஞ்சல்களை மேலாளர் திருத்தாத நாளே இல்லை. திருத்தப்பட்ட நான்கு வாக்கியங்களை இணைத்துள்ளேன். தாதரில் ஒரு பயிற்சி மையத்தார், 45 நாள்களில் பிழையின்றி எழுத வைப்பதாகக் கூறி 22,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: பணம் கட்டும் பேச்சைச் சற்றுத் தள்ளி வையுங்கள். உங்கள் நான்கு வாக்கியங்களிலும் இருப்பவை மூன்றே வகைப் பிழைகள்.

‘யெஸ்டர்டே சென்ட் த கூரியர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் ‘நேற்று கூரியர் அனுப்பினேன்’ என்றால் போதும். அனுப்பியவர் யார் என்பதை வினையின் விகுதியே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் ‘சென்ட்’ என்பது நானுக்கும் நீங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றேயாகையால், எழுவாயைத் தனியாக எழுதாவிட்டால் அனுப்பியவர் யாரென்றே தெரியாது. ‘ஐ சென்ட் த கூரியர் யெஸ்டர்டே’ என்பதே சரி. இரண்டாவது வாக்கியமான ‘த ட்ரைவர் ஆப்சென்ட் டுடே’ என்பதும் இதே வகைக் குறைதான். ‘ஓட்டுநர் இன்று லீவு’ என்று வினையே இல்லாமல் நாம் பேசலாம். ஆங்கிலத்தில் அங்கே ‘இஸ்’ வந்தே தீரவேண்டும். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி முடித்ததும் யார், என்ன வினை என்ற இரண்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ‘ப்ளீஸ் சென்ட்’ (send) போன்ற வேண்டுகோள்களை இப்போதைக்கு இந்தச் சோதனையிலிருந்து விட்டுவிடலாம்.

மூன்றாவது, ‘ஐ டிட் நாட் ரிசீவ்ட் த பில்’. காலத்தைக் காட்டும் வேலையை ‘டிட்’ செய்து முடித்துவிட்டதால் அடுத்த வினை மூல வடிவத்தில் ‘ரிசீவ்’ என்றுதான் நிற்கவேண்டும். ‘ஹீ டஸ் நாட் கம்ஸ்’ என்பதும் இதே காரணத்தால் பிழை. ‘டஸ்’ வந்த பிறகு ‘கம்’ மட்டுமே.

நான்காவதான ‘ஐ ஹேவ் சென்ட் த இன்வாய்ஸ் யெஸ்டர்டே’ என்பதில்தான் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். முடிந்துபோன ஒரு நேரத்தை, அதாவது நேற்று, போன வாரம், 2 மணிக்கு என்று குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேவ்’ கூடாது. ‘ஐ சென்ட்’ போதும். ஆனால் நேரச்சொல்லைக் கண்டவுடன் ‘ஹேவ்’ என்பதை வெட்டிவிடவும் கூடாது. ‘டுடே’ இன்னும் முடியாத நேரம் என்பதால் ‘ஐ ஹேவ் சென்ட் டூ பில்ஸ் டுடே’ சரியே. ‘திஸ் மார்னிங்’ இன்னும் வேடிக்கையானது: காலை 11 மணிக்கு எழுதினால் ‘ஐ ஹேவ் சென்ட்’ பொருந்தும், அதையே மாலை 5 மணிக்கு எழுதினால் காலைப்பொழுது கழிந்துவிட்டதால் ‘ஐ சென்ட்’ என்றுதான் எழுதவேண்டும். ‘மண்டே’ என்பதும் தனியாக நம்பத்தக்கதன்று. ‘ஆன் மண்டே’ முடிந்த நாள். ‘சின்ஸ் மண்டே’ அன்று தொடங்கி இந்த நிமிடம் வரை நீள்வது என்பதால், அங்கே ‘வீ ஹேவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் மண்டே’ என்று ‘ஹேவ்’ இருந்தே ஆகவேண்டும்.

இவ்வளவையும் விளக்க ஒரு பிற்பகல் போதும். கைப்பழக்கமாக்கிக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். 45 நாள் என்று உறுதி கூறுபவர் இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்று தாளை நீட்டினால், அது மையத்துக்கான தவணையா, ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தமா என்று படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். கடன் என்றால், இரண்டாம் வாரத்தில் நீங்கள் நின்றுவிட்டாலும் தவணை நிற்காது. உங்களை அங்கே அழைத்துச் சென்ற ‘தெரிந்தவர்’ தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவராகவும் இருக்கலாம். இத்தகைய மையங்கள் பலவற்றில் கையில் கொடுப்பது ஆயத்த மின்னஞ்சல் கட்டுகள்தாம். ‘கைன்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று தொடங்கும் அந்தக் கட்டில், உங்கள் பில் ஏன் வரவில்லை என்பதற்கான வாக்கியம் இருக்காது.

பள்ளியை நினைத்தால் கோபம்தான் வருகிறது. தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று நான்கு மொழிகளைத் தூக்கிச் சுமக்கும் மும்பைத் தமிழ்ப் பிள்ளையிடம், செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்று, நேர்கூற்றை அயற்கூற்றாக்கு என்று பத்தாம் வகுப்பு வரை கேட்கிறார்கள். நேற்று நடந்ததை நான்கு வரியில் எழுது என்று கேட்பது அரிது. பிறர் எழுதிய வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு மதிப்பெண் வாங்கியவருக்குச் சொந்த வாக்கியம் வராததில் என்ன வியப்பு?

சேரத்தான் வேண்டுமென்றால், நீங்களே எழுதியதை ஆசிரியர் வாரந்தோறும் திருத்தித் தருவாரா என்று கேட்டு, ‘ஆம்’ என்றால் ஒரு மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள். பயிற்சிப் பாடங்களுக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘லேர்ன் இங்கிலிஷ்’ தளம் இலவசமாகவே கிடைக்கிறது. மேலாளர் திருத்திய அஞ்சல்களை அழிக்காமல், உங்கள் வரியையும் அவருடைய வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு நோட்டில் எழுதி, பிழை மூன்றில் எந்த வகை என்று ஓரத்தில் எண் போடுங்கள். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘அ’, ‘த’ (a, the) இடம் மாறும் பிழைகள் அதற்குப் பின்னும் இருக்கும். பெரும்பாலும் அவற்றால் பொருள் கெடாது, பில்லும் தாமதமாகாது.