ஏரிக்கு எந்தத் தண்ணீர் வருகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

எனக்குச் சொந்த ஊர் சாத்தனூர் அணைப் பக்கம். பெங்களூருக்கு வந்து ரொம்ப வருடம் ஆகிவிட்டது. சர்ஜாபூர் ரோடு பக்கம் குடியிருக்கிறோம், ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. போன வருடத்திலிருந்து எங்கள் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அமைப்போடு ஞாயிறுதோறும் போகிறேன். குப்பை பொறுக்குவோம், செடி நடுவோம், அபார்ட்மெண்ட் பிள்ளைகளுக்குப் பறவை காட்டுவோம். ஜூன் மாதம் ஒரு கம்பெனி ஆட்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மார்ச்சில் பார்த்தால் பாதிக்கு மேல் கருகிக் கிடக்கிறது. நடுவில் ஒருமுறை மீன்களும் செத்து மிதந்தன. "இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் புண்ணியம், கவர்ன்மெண்ட் செய்ய வேண்டிய வேலை" என்று கணவர் சிரிக்கிறார். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. தொடரவா, விட்டுவிடவா? இல்லை, நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தனியாக ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. ஏரியைக் காப்பது அரசாங்கத்தின் வேலைதான். ஆனால் பெங்களூரில் அரசாங்கத்தைப் பிடித்து இழுத்து அந்த வேலைக்கு உட்கார வைத்தவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்கள். ஹெப்பாள், நாகவாரா ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்ட காலம் ஒன்று இருந்தது. அதை எதிர்த்து 2008இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது என்விரான்மெண்ட் சப்போர்ட் குரூப் என்ற அறக்கட்டளை. ஏரிகளைக் காக்க வழி சொல்வதற்கு நீதிபதி என்.கே. பாட்டீல் குழு அமைந்ததும் அந்த வழக்கில்தான். ஜே.பி. நகர்ப் பக்கம் புட்டேனஹள்ளி ஏரி இருக்கிறது. பதின்மூன்று ஏக்கர் சொச்சம், பெரிய ஏரி ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்தார் 2010இல் ஒரு டிரஸ்ட் வைத்து, அடுத்த வருடமே மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, பராமரிப்பைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் சுத்திகரித்த தண்ணீரை ஏரிக்கு விடவைத்தது அவர்கள் முயற்சிதான். அது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடக்கிற காரியமா? பேசிப் பேசி, மனு போட்டு, தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, மறுபடி பேசி நடந்திருக்கும்.

சரி, உங்கள் அமைப்பு எந்த வகை? அதைத் தெரிந்துகொள்ள நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். ஏரிக்குள் தண்ணீர் நுழைகிற இடம் எது, அங்கே இந்த வாரம் என்ன வந்தது என்று அவர்களில் யாருக்காவது தெரியுமா? எத்தனை கன்று நட்டார்கள், எத்தனை மூட்டை குப்பை எடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

மீன் செத்ததை எழுதியிருக்கிறீர்கள், எப்போது என்று எழுதவில்லை. கோடை மழை முதல் தடவை அடித்துப் பெய்ததற்கு மறுநாள் காலையாக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. ராஜகால்வாயில், அதாவது ஏரிக்கு மழைநீரைக் கொண்டுவரும் பெரிய கால்வாயில், மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த சாக்கடையையும் சேற்றையும் முதல் மழை மொத்தமாக வழித்துக்கொண்டு வந்து ஏரியில் கொட்டும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. இரவில் பாசியும் ஆக்சிஜன் தராது, அதுவும் சுவாசிக்கத்தான் செய்யும். விடியற்காலையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும், மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் கிழக்குக் கரையைப் பளிச்சென்று வைத்திருக்கும்போதே மேற்கில் உடைந்த குழாய் ஒன்று ஏரியைக் கொன்றுகொண்டிருக்கலாம்.

ஜக்கூர் ஏரிக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே கழிவுநீரை நேராக விடுவதில்லை. நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் கொள்ளளவில் ஆரம்பித்த சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, அதில் வடிந்த தண்ணீர் கோரையும் சம்பும் வளர்ந்த சதுப்புக்குள் மெல்ல நகர்ந்து, அப்புறம்தான் ஏரிக்குள் போகிறது. மிச்சமிருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் செடிகள் ஓரளவு எடுத்துக்கொள்கின்றன. புல் அறுப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள் எல்லாரும் அங்கே உண்டு. அந்த ஏரிக்கும் தொல்லைகள் வரத்தான் செய்கின்றன. ஆனால் எங்கே தடுப்பது என்று யோசித்துச் செய்த வேலை அது.

செடி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1980களில் நெகின்ஹால் என்ற வனத்துறை அதிகாரி இந்த ஊரில் 15 லட்சம் மரம் வரை வைத்தார் என்பார்கள். நாம் இன்று நிழலில் நடக்கும் பல தெருக்கள் அவர் புண்ணியம். மாடு தின்னாமல் கூண்டு வைத்து, எதிர்வீட்டுக்காரர்களைத் தண்ணீர் ஊற்ற வைத்து வளர்த்த மரங்கள் அவை. உங்கள் கம்பெனிக்காரர்கள் நட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் இரண்டு சதவிகிதத்தை சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம். எண்ணிக் காட்ட முடிகிற செலவு என்றால் அவர்களுக்குப் பிரியம். ஆயிரம் கன்று என்று அறிக்கையில் போடலாம். மார்ச், ஏப்ரலில் குடம் தூக்குகிறவருக்குக் கூலி என்று போட்டால் யார் கைதட்டுவார்கள்? அது போக, ஏரிக்கு மரம் அவ்வளவு அவசியமே இல்லை. ஆழமில்லாத ஓரம்தான் அவசியம். மடையானும் உள்ளானும் கணுக்கால் தண்ணீரில் நின்று மேய்கிற இடம் அதுதான். சுற்றிலும் கரையை உயர்த்தி, நடைபாதை போட்டு, ஏரியைக் கிண்ணம் மாதிரி ஆக்கிவிட்டு, அதற்கு 'புனரமைப்பு' என்று கல்வெட்டு வேறு வைக்கிறார்கள். வேலி போட்டதும் முதலில் வெளியே போவது மாடு மேய்த்தவர்களும் துணி துவைத்தவர்களும். இந்த ஏரிகளெல்லாம் அவர்களுடைய பாட்டன் பூட்டன் வெட்டிக் கட்டியவை என்பது நடைப்பயிற்சிக்கு வரும் நம்மில் பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. விபூதிபுரத்தில் 1307ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, காட்டை வெட்டி நிலத்தைச் சமன் செய்து ஏரி அமைத்ததைச் சொல்கிறது.

பிள்ளைகளுக்குப் பறவை காட்டுவதை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது, பள்ளிகளில் பாடமும் இருக்கிறது. 'மாசு என்றால் என்ன' என்று கேட்டால் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். 'உங்கள் வீட்டுக் கழிப்பறைத் தண்ணீர் எங்கே போகிறது' என்று கேட்டுப் பாருங்கள், அப்பா அம்மாவும் சேர்ந்தே முழிப்பார்கள். கூழைக்கடாவைக் காட்டிவிட்டு, அப்படியே ராஜகால்வாய் ஏரியில் சேரும் இடத்துக்கும் கூட்டிப்போங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வரட்டும், பரவாயில்லை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புங்க மரத்தையோ சரக்கொன்றையையோ எடுத்துக்கொண்டு, வாராவாரம் தளிர், பூ, காய் பார்த்துக் குறித்துவைக்கட்டும். சீசன்வாட்ச் என்ற திட்டம் நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளை வைத்து இதைத்தான் செய்கிறது. பறவைப் பட்டியலை இ-பேர்ட் என்ற இணையதளத்தில் ஏற்றலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பைப் பார்த்திருப்பீர்கள், மொட்டைமாடியிலிருந்து எண்ணியவர்களும் அதில் உண்டு. வருடக்கணக்கில் ஒரே இடத்தைப் பார்த்து எழுதிய நோட்டு ஒன்று இருந்தால், நாளைக்கு யாராவது ஏரியில் ரோடு போட வரும்போது மேஜையில் எடுத்து வைக்க ஏதாவது இருக்கும். ஒருநாள் பேருந்துச் சுற்றுலாவில் அது கிடைக்காது.

உங்கள் ஊர் சாத்தனூர் அணைப் பக்கம் என்பதைப் படித்ததும் கொஞ்சம் சிரித்தேன். உங்கள் பக்கத்து பெல்லந்தூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் வர்த்தூர் ஏரிக்கு, வர்த்தூர் நிரம்பினால் தட்சிண பினாகினி ஆற்றுக்கு. நம் ஊரில் அதற்குப் பெயர் தென்பெண்ணை. பெல்லந்தூரில் 2017இல் நுரையும் தீயுமாகப் பார்த்தோமே, அந்தத் தண்ணீர்தான் ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மறுபடி நுரைக்கிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, அதற்கடுத்து சாத்தனூர். வெளியூர்க்காரி, வந்த இடத்து ஏரியில் எனக்கு என்ன என்று யாராவது கேட்டால், உங்கள் அப்பா வயலுக்குப் பாய்கிற தண்ணீர் என்று சொல்லுங்கள். கணவரிடமும் சொல்லலாம்.

கடைசியாக அந்த டிரஸ்ட் யோசனை. இப்போதைக்கு வேண்டாம். சங்கமாகப் பதிவதென்றால் கர்நாடகச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். டிரஸ்ட் என்றால் ஆள் குறைவாகப் போதும், ஆனால் வேலை குறையாது. வருமான வரித் துறையில் பதிவு, நன்கொடை தருபவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்க அனுமதி, ஆண்டுத் தணிக்கை எல்லாம் வரிசையாக நிற்கும். கம்பெனிகளின் அந்தச் சமூகப் பொறுப்புப் பணம் (சி.எஸ்.ஆர்.) வேண்டுமென்றால் மூன்று வருடமாவது வேலை செய்த கணக்கு காட்ட வேண்டும். ஒரே ஏரிக்கு இரண்டு அமைப்பு ஆகிவிட்டால் மாநகராட்சி இன்ஜினியருக்குத்தான் நிம்மதி, நீங்களே உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். இருக்கிற அமைப்பிலேயே இருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் நுழையும் இடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால் நீங்களே தேடிப் போய்ப் பாருங்கள், போன மழைக்கு மீன் செத்த தேதியையும் எழுதிவையுங்கள். அப்புறம் அவர்களுடைய வரவு செலவு நோட்டை வாங்கிப் பாருங்கள். குப்பை மூட்டை தூக்க எப்படியும் ஆள் கிடைத்துவிடுகிறார்கள், கணக்கு எழுதத் தெரிந்த ஒருத்தர் வருவாரா என்றுதான் இந்த மாதிரி அமைப்புகள் ஏங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கன்றுக்கு வந்த பணத்தில் தண்ணீர் ஊற்றும் கூலிக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று அடுத்த ஜூனுக்குள் அந்தக் கம்பெனிக்காரர்களிடம் பேசப்போவது நீங்களாகத்தான் இருக்கும்.