வைத்தியசாலையில் படுத்திருக்கும் முதியவருக்குச் சிறுநீரும் மலமும் கட்டுப்படாமல் போனால் எவ்வாறு சமாளிப்பது?

இடுப்பெலும்பு முறிந்து வார்ட்டில் இருக்கும் உங்கள் தகப்பனார், படுக்கை நனைந்துவிடுகிறது என்ற கூச்சத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார் என்றும், பம்பஸ் கட்டுவதா, கதீற்றர் எனும் சிறுநீர்க் குழாயைப் போடச் சொல்லிக் கேட்பதா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவ்விரண்டையும் பற்றி யோசிப்பதற்கு முன்னர் அவரைத் தண்ணீர் குடிக்க வையுங்கள். நான் வைத்தியன் அல்லன். ஆனால் இதே முறிவோடு 19 நாட்கள் வார்ட்டில் கிடந்த என் மாமாவுக்கு, அதாவது என் மனைவியின் தகப்பனாருக்கு, இரவுகளில் துணை நின்றவன் நான். அங்கே தெரிந்துகொண்டவற்றையும், பிந்தித் தெரிந்துகொண்டதால் அவர் வீணாகப் பட்ட துன்பத்தையும் எழுதுகிறேன்.

மாமா களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் செய்தவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது அவருக்கு வயது 74. மட்டக்களப்புப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பது வழக்கம் என்பதால், மாமாவும் மாமியும் எங்களோடுதான் இருந்தார்கள். வீட்டில் அவருக்கு வேண்டியதையெல்லாம் மகள்தான் செய்வாள். ஆனால் அந்த ஆண்கள் வார்ட்டில் இரவில் பெண்கள் நிற்க அனுமதியில்லை. முதல் இரவு சாரம் நனைந்தபோது நான் கிட்டே போனேன். "மகன், நீங்க இதச் செய்யக் கூடாது, மகளக் கூப்பிடுங்க" என்று சொல்லி அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். விடியும்வரை ஈரத்திலேயே கிடந்தார். அந்த இரவுக்குப் பிறகுதான் அவர் தண்ணீரை விட்டார்.

நான்காம் நாள் அவருடைய நாக்கு வறண்டு, சிறுநீர் கடும் சாயத் தேநீரின் நிறத்துக்கு வந்திருந்தது. இரவில் எப்போதோ இறந்துபோன தம்பியைக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார். வயது போனால் இப்படித்தான் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னதை நாங்களும் நம்பினோம். உடலில் நீர் குறைந்திருப்பதாலும் சிறுநீரில் கிருமித்தொற்று ஏற்பட்டிருப்பதாலும் வந்த திடீர்க் குழப்பம் அது என்று வைத்தியர் விளக்கினார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் செறிவாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும். உறுத்தினால் அடக்கும் சக்தி இன்னும் குறையும். அதோடு தொற்றும் மலச்சிக்கலும் எளிதில் வந்து சேரும். ஆகவே நனையாமல் இருப்பதற்காகக் குடிக்காமல் இருப்பவர் அதிகமாகவே நனைவார். இருதயம் அல்லது சிறுநீரகம் காரணமாக நீரின் அளவை வைத்தியர் மட்டுப்படுத்தியிருந்தால் ஒழிய, பகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னர் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். தேநீரும் கோப்பியும் சிறுநீரை அவசரப்படுத்தும் என்பதால் அவற்றைக் குறைப்பது நல்லது.

அடுத்ததாக, இதனை முதுமையின் இயல்பு என்று எவரும் எழுதித் தள்ளிவிட இடம் கொடாதீர்கள். வீட்டில் ஒழுங்காக மலசலகூடம் போய் வந்த ஒருவருக்கு வைத்தியசாலையில் திடீரென இப்படியானால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அது திருத்தக்கூடிய காரணமாகவும் இருக்கும். தொற்று, மலச்சிக்கல், கட்டுப்படாத சீனி வருத்தம், தூக்க மாத்திரை, நீர் போவதற்கான மாத்திரை, எழும்பி நடக்க முடியாமை ஆகியவை வழக்கமானவை. காலையில் வைத்தியர்கள் கட்டில் கட்டிலாகப் பார்த்து வரும்போது, "விழுவதற்கு முன்னர் இவருக்கு இந்தப் பிரச்சினை இருக்கவில்லை, இப்போது ஏன் வந்தது?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூச்சத்தில் நாங்கள் அதனைக் கேட்க நான்கு நாட்கள் ஆயின.

தாதி ஒருவரின் யோசனைப்படி ஒரு சிறு கொப்பியில் மூன்று நாட்களுக்கு, குடித்த நேரத்தையும் சிறுநீர் போன அல்லது நனைந்த நேரத்தையும் எழுதினோம். எழுதிப் பார்த்தபோது, பகலில் ஓரளவு சமாளிப்பவர் இரவு 8 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் மூன்று நான்கு தடவை நனைவது தெரிந்தது. கால் வீக்கத்துக்காக அவர் எடுத்துவந்த நீர் மாத்திரை பின்னேரத்தில் கொடுக்கப்பட்டு வந்ததே அதற்குக் காரணம். அந்த வகை மாத்திரையின் வேகம் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்களுக்கு இருக்கும். கொப்பியைக் காட்டியதும் வைத்தியர் அதனைக் காலைக்கு மாற்றினார். அன்றிரவு மாமா ஒரு தடவைதான் நனைந்தார். நேரத்தை நீங்களாக மாற்றிவிடாதீர்கள். எழுதிக் காட்டுங்கள், அதுவே போதும்.

பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அவர் கேட்காவிட்டாலும், சிறுநீர்ப் போத்தலைக் கொடுங்கள். கேட்டால் கொடுப்போம் என்று காத்திருப்பது பயன்படாது, ஏனெனில் வயதானவர்கள் பலருக்கு உணர்வு வருவதற்கும் வெளியேறுவதற்கும் இடையில் மிகக் குறைந்த நேரமே கிடைக்கும். எங்களுக்குப் போத்தல் கட்டிலின் கீழே இருந்தது. முறிந்த இடுப்போடு அவரால் அதனை எட்ட முடியவில்லை. என் மனைவி பழைய தலையணை உறையொன்றில் நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அதனைக் கட்டிலின் வலப்பக்கக் கம்பியில், அவருடைய கை தானாகவே போய் விழும் உயரத்தில் கட்டி, போத்தலை அதற்குள் வைத்தோம். இரண்டாம் நாள் அவர் எவரையும் கூப்பிடாமல் தானாகவே எடுத்துப் பயன்படுத்தினார். அன்று காலை அவர் தாமாகவே தண்ணீர் கேட்டுக் குடித்ததை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

கழுவித் துடைப்பதில் அவருடைய கூச்சத்தை நாங்கள் கடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். மறைப்பை இழுத்துவிட்டு, இடுப்புக்கு மேல் சாரமொன்றைப் போர்த்தி, "மாமா, இப்போது இடப்பக்கம் திருப்புகிறேன்" என்று ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னர் சொல்லுவேன். நனைத்துப் பிழிந்த துணியை அவருடைய கையிலேயே கொடுத்து முன்பக்கத்தை அவரே துடைக்கும்படி விட்டு, நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பின்பக்கம் மட்டுமே என் வேலை. உங்கள் தகப்பனாரின் கைகள் இயங்குமானால் இதனைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

பம்பஸ் இரவுக்கும், பரிசோதனைக்காக வெளியே கொண்டுபோகும்போதும் உதவும். நாங்கள் விட்ட பிழை, கசியாதிருக்க இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டியதும் உள்ளே பவுடர் தூவியதும் ஆகும். இரண்டு கட்டினால் சூடும் ஈரமும் உள்ளே தங்கும். பவுடர் ஈரத்தில் கட்டிபட்டு உரசும். எங்கள் கரையோரத்து வெக்கையில் றபர் விரிப்பின் மேல் கிடப்பவருக்குத் தோல் வேகவைத்ததுபோல் சிவக்க இரண்டு நாட்கள் போதும். இடுப்பளவு பார்த்து ஒன்றை மட்டும் கட்டுங்கள். நனைந்ததும் மாற்றி, மென்மையான சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, வசிலின் போன்ற ஒன்றை மிக மெல்லியதாகப் பூசுங்கள்; தடிப்பாகப் பூசினால் பம்பஸ் ஈரத்தை உறிஞ்சாது. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மடித்து றபர் விரிப்பின் மேல் போட்டால் வியர்வை தங்காது. இடுப்பு முறிந்தவரைத் திருப்பும் முறையைத் தாதியிடம் ஒரு தடவை செய்து காட்டும்படி கேளுங்கள். நாரி எலும்பிலும் குதியிலும் சிவப்பு மறையாமல் நின்றால் அன்றே சொல்லுங்கள். படுக்கைப்புண் அப்படித்தான் தொடங்கும்.

சத்திரசிகிச்சையை ஒட்டிய நாட்களுக்குக் கதீற்றர் தேவைப்படலாம். ஆனால் படுக்கை நனையாதிருப்பதற்காக மட்டும் அதனைக் கேட்டு வாங்காதீர்கள். அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. போட்டிருந்தால் பையைச் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழேயும் நிலத்தில் படாமலும் தொங்கவிடுங்கள். எப்போது எடுப்பீர்கள் என்று தினமும் கேளுங்கள். எடுத்த பின்னர் ஆறு முதல் எட்டு மணித்தியாலங்களுக்குள் சிறுநீர் போகாவிட்டால் உடனே அறிவியுங்கள். அடிவயிறு கல்லாக இருக்க, துளித் துளியாக ஒழுகிக்கொண்டேயிருந்தால் அது அடக்க முடியாமை அல்ல; நிரம்பிய சிறுநீர்ப்பை வழிவது. புரஸ்தகோளம் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீங்கிய ஆண்களுக்கு இது அடிக்கடி நேரும்.

மலம் பற்றியும் ஒன்று. பதினோராம் நாளளவில் மாமாவுக்கு அறியாமலே தண்ணீராகக் கசிந்தது. வயிற்றோட்டம் என்று எண்ணி நிறுத்துவதற்கு மருந்து கேட்டோம். வைத்தியர் கையுறை போட்டுச் சோதித்துவிட்டு, உள்ளே மலம் கட்டியாக அடைத்திருக்கிறது, அதைச் சுற்றித்தான் இளகியது வழிகிறது என்றார். வலிமருந்துகளில் சில மலத்தை இறுக்கும். படுத்தே கிடப்பதும் இறுக்கும். எனிமா கொடுத்து அது வெளியேறிய பிறகு மலக் கசிவும் நின்றது, சிறுநீரும் பாதிக்கு மேல் கட்டுக்குள் வந்தது. நாங்கள் கேட்ட மருந்தைக் கொடுத்திருந்தால் அடைப்பு இன்னும் இறுகியிருக்கும். எத்தனை நாளாக அவர் ஒழுங்காக மலம் கழிக்கவில்லை என்பதையும் கொப்பியில் குறித்துவையுங்கள்.

கால்கள் திடீரெனப் பலவீனமாகி, தொடைகளின் இடையிலும் ஆசனவாயைச் சுற்றியும் உணர்வு மரத்துப்போய், அதனோடு கட்டுப்பாடும் போனால், காலை வரை காத்திருக்கக் கூடாது. அது முள்ளந்தண்டு நரம்புகள் நசுங்குவதாக இருக்கலாம். நள்ளிரவாக இருந்தாலும் தாதியை எழுப்புங்கள்.

வீட்டுக்கு விடும் நாளன்று, கதீற்றரோடு அனுப்புவதானால் அதை எடுக்கும் திகதியையும், எந்தக் கிளினிக்குக்கு வர வேண்டும் என்பதையும் அட்டையில் எழுதி வாங்குங்கள். அந்தப் போத்தல் உறையையும் மறக்காமல் கழற்றிக்கொண்டு போங்கள். வீட்டுக் கட்டிலுக்கும் அது தேவைப்படும்.