ஒரு மாலைக்குள் சேலம் தட்டுவடை செட்

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சேலம் வந்து, ஒன்பதரைக்கு ஜங்ஷனில் ரயில் ஏற வேண்டும், கூட வரும் பையன் காரம் தொடமாட்டான், அதற்குள் எங்கே என்ன சாப்பிடலாம் என்று கேட்டிருந்தீர்கள். நேரே செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்விடுங்கள். ஹோட்டலில் உட்கார்ந்து நேரத்தைக் கழிக்காதீர்கள், இந்த ஊர் ருசி தள்ளுவண்டியில்தான்.

முதலில் தட்டுவடை செட். உள்ளங்கையை விடச் சின்ன, மொறுமொறு தட்டுவடை (தட்டை). அதன் மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. கையில் வாங்கியதும் அப்படியே முழுசாக வாயில் போடுங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு நின்றால் நமத்துப்போகும். காரம் பெரும்பாலும் சட்னிகளில்தான், பையனுக்கு அவை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பீட்ரூட் இனிப்புக்கே அவன் இன்னொன்று கேட்பான்.

அப்புறம் நொறுக்கல். அதே சாமான்தான், நொறுக்கிக் கலந்து தருவார்கள். எனக்கு செட்டை விட இதுதான் பிடிக்கும். மாம்பழ சீசன் என்றால் மல்கோவா இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். சாயங்கால நெரிசலை நம்ப முடியாது, எட்டரைக்கே ஆட்டோ பிடித்துவிடுங்கள்.