13 சதவீதம் உங்கள் பாஸ்புக்கில் ஏறாது

கேள்வி: ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த தொகையில் ஒரு பங்கை, ஏழைக் குழந்தைகளுக்கான மழலையர் மையம் ஒன்றுக்குக் கொடுக்க நினைக்கிறேன். இதில் போடும் பணம் ஆண்டுக்கு 13 சதவீதம் லாபம் தரும், குழந்தைகள் வளர்ந்தபின் நோய்நொடியும் குறையும் என்கிறார்கள். வங்கி வைப்பைவிட அதிகமாக இருக்கிறதே, நம்பலாமா?

பதில்: அவர்கள் கதை விடவில்லை. ஆனால் அந்த 13-ல் ஒரு காசுகூட உங்களுக்கு வராது. வளர்ந்து சம்பாதிக்கும் அந்தப் பிள்ளைக்கும், குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடிந்த தாய்க்கும், செலவு மிச்சமாகும் அரசுக்கும்தான் போகும். ஆகவே இதை முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். தானம் என்று எழுதுங்கள்.

அந்த எண் அமெரிக்காவின் வட கரோலினாவில் 1972-ல் தொடங்கிய அபெசிடேரியன் திட்டத்தையும் அதையொட்டி நடந்த இன்னொன்றையும் வைத்து, நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மேன் குழுவினர் போட்ட கணக்கு. அபெசிடேரியனில் 111 கைக்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஐந்து வயதுவரை முழுநாள் பராமரிப்பு கொடுத்தார்கள். முப்பதுகளின் நடுவில் பரிசோதித்தபோது, மையத்தில் வளர்ந்த ஆண்களின் மேல் ரத்த அழுத்தம் சராசரி 126. மற்ற ஆண்களுக்கு 143. முன்னதற்கு மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். பின்னதற்கு மாத்திரைச் சீட்டை எடுப்பார். 111 பேர் சின்னக் கூட்டம்தான், பெண்களிடம் வித்தியாசம் இவ்வளவு பளிச்சென்று இல்லை. இருந்தாலும் 30 ஆண்டுக்குப் பிறகும் தெரிகிற பலன் சாதாரணமில்லை.

ஆனால் அங்கே வெறும் பாட்டும் எழுத்தும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையும் மதியமும் சாப்பாடு, அங்கேயே குழந்தை மருத்துவர், மூன்று கைக்குழந்தைக்கு ஒரு ஆள். உங்கள் மையத்தில் இதெல்லாம் உண்டா? இரண்டு மணி நேரம் உட்காரவைத்து அனுப்புகிற இடம் இந்த 13-ஐக் காட்டிப் பணம் கேட்பது நியாயமில்லை.

உங்கள் மருத்துவச் செலவுக்கும் அவசரத்துக்கும் முதலில் ஒதுக்கிவிடுங்கள். மீதியில் கொடுக்க நினைப்பதை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காமல் ஐந்து தவணையாக்குங்கள்; மற்ற நான்கும் ஒன்று முதல் நான்கு ஆண்டு வைப்புகளில் இருக்கட்டும். கைக்குழந்தையாக நுழைவது வெளியே வர ஐந்து வருடம் ஆகும். மூன்றாம் வருடம் காசு தீர்ந்து கதவைச் சாத்தினால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

முதல் தவணைக்கு முன் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நில்லுங்கள். தட்டில் என்ன விழுகிறது என்று பாருங்கள்.