ஜிஆர்பி 170817ஏ வெடிப்பு கிராஃப்ல தெரியவே இல்லை - பதில்

ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியோட தரவுல இந்தக் காமாக் கதிர் வெடிப்பைத் தேடி, 12 டிடெக்டரையும் (கதிர் உணரிகளையும்) கூட்டி கிராஃப் போட்டும் ஒண்ணும் தெரியலைன்னு கேட்டிருந்தீங்க. 12ஐயும் கூட்டாதீங்க, அதான் பிழை. என்1, என்2, என்5 இந்த மூணு டிடெக்டரை மட்டும் எடுத்து, 50லருந்து 300 கிலோ எலெக்ட்ரோன் வோல்ட் சக்திக்குள்ள, 1 செக்கன் பின்னை (எண்ணிக்கையைக் கூட்டுற நேரத் துண்டை) 256 மில்லிசெக்கனா குறைச்சு போட்டுப் பாருங்க, முள்ளு மாதிரி ஒண்ணு எழும்பும்.

ஃபெர்மியோட ஜிபிஎம்ல (காமாக் கதிர் வெடிப்பைக் கண்காணிக்கிற கருவியில) 12 சோடியம் அயடைட் டிடெக்டரும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கிட்டிருக்கு, வெடிப்புக்கு முதுகு காட்டுறது எல்லாம் பின்னணி இரைச்சலைத்தான் கூட்டும், இது வேற ரொம்ப மெல்லிசான வெடிப்பு, தகரக் கூரையில அடைமழை கொட்டுறப்ப ஒரு கல்லு விழுந்த சத்தத்தைத் தேடுற மாதிரி ஆயிரும்.

இன்னொண்ணு, நேரத்தையும் செக் பண்ணுங்க. டிரிகர் (கருவி வெடிப்பைக் கவனிச்ச நேரம்) 12:41:06 யூடிசி (உலகப் பொது நேரம்), நம்ம நேரம் பின்னேரம் 6:11. நீங்க ஹட்டன்லருந்து செய்றதா சொன்னீங்க, கம்பியூட்டர் இலங்கை நேரத்துல இருந்தா அஞ்சரை மணித்தியாலம் தள்ளித் தேடிக்கிட்டிருப்பீங்க.

டி90 (வெடிப்பு எவ்வளவு நேரம் நீடிச்சதுங்கிற அளவு) எடுக்க முதல் பின்னணியக் கழிக்கணும். மடுவத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கூடை எடையக் கழிக்கிறோமே, அதேதான். ஆனா இந்தக் கூடையோட எடை மாறிக்கிட்டே இருக்கும், ஃபெர்மி சுமார் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா பூமியச் சுத்துது, அதனால வெடிப்புக்கு முன்னயும் பின்னயும் உள்ள பகுதியை எடுத்து ஒரு வளைகோடு பொருத்துங்க. பின்னணியக் கழிச்ச பிறகு, சேர்ந்துக்கிட்டே வர்ற எண்ணிக்கை மொத்தத்துல 5 வீதத்துலருந்து 95 வீதம் வர எடுக்கிற நேரந்தான் டி90.

வெளியான மதிப்பு 2.0 ± 0.5 செக்கன். உங்களுக்கு அரை செக்கன் மட்டும் வந்தா பயப்படாதீங்க, முதல் துடிப்புக்குப் பின்னால குறைஞ்ச சக்தியில ஒரு மங்கலான வால் இருக்கு, அது விடுபட்டிருக்கும். எந்த சக்தி வீச்சுல அளந்தீங்கன்னு அறிக்கையில கட்டாயம் எழுதுங்க, வீச்சு மாறினா டி90யும் மாறும்.