பணம் கொடுத்துவிட்டேன், ஓவியம் எனக்குத்தானே?

கேள்வி: கும்பகோணத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டை எட்டு அறைகள் கொண்ட சின்ன ஹோட்டலாக மாற்றுகிறோம். உள்ளூர்க் கலைஞர்களின் படைப்புகளை வைத்தே முழு அலங்காரமும் செய்ய ஆசை. அறைகளில் தஞ்சாவூர் ஓவியமும் சிக்கல்நாயக்கன்பேட்டை கலம்காரியும், வரவேற்பறையில் பெரிய சுவரோவியம், முற்றத்தில் தவில் வாசிப்பவரின் வெண்கலச் சிற்பம் ஒன்று, சுவாமிமலையில் சொல்லிச் செய்வதாகத் திட்டம். கலைஞர்களை அழைத்துவருவதிலிருந்து எல்லாவற்றையும் இன்டீரியர் காண்ட்ராக்டர் ஒரே பேக்கேஜாகப் பேசியிருக்கிறார். ஓவியங்களைத் துணிப்பையில் அச்சிட்டும், சிற்பத்துக்குச் சின்ன நகல் செய்தும் விருந்தினருக்கு விற்கலாமா? காசு கொடுத்த பிறகும் அனுமதி கேட்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் கேட்க வேண்டும். கடையில் ஒரு தஞ்சாவூர் ஓவியத்தை வாங்கினால் அந்தப் பலகையும் தங்க ரேக்கும் கல்லும் உங்களுடையவை. மாட்டலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அதைப் பார்த்து நகலெடுக்கும் உரிமை மட்டும் வரைந்தவரிடமே இருக்கிறது. அவர் எழுதிக் கொடுக்காமல் பையில் அச்சடிக்க முடியாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் விஷயமே அதில்தான் இருப்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 1957-ம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, நீங்கள் சொல்லி, உங்கள் பணத்தில் ஒருவர் ஓவியம் வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அதன் காப்புரிமை முதலிலிருந்தே உங்களுக்குத்தான். புகைப்படம், உருவப்படம், செதுக்கு அச்சு, திரைப்படம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சிற்பம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே வரவேற்பறைச் சுவரோவியத்துக்கு நீங்கள் உரிமையாளர் ஆகலாம். முற்றத்தில் நிற்கும் தவில்காரருக்கும் முழுப் பணத்தையும் நீங்களே கொடுத்திருப்பீர்கள், ஆனால் அவருடைய காப்புரிமை சிற்பியிடம் இருக்கும். நடராஜர் என்ற மரபு வடிவம் யாருக்கும் தனிச் சொத்து கிடையாது. சிற்பி தன் கற்பனையில் மெழுகில் பிடித்து வார்த்த தவில்காரர் அவருடையவர். சிற்பம் நிரந்தரமாக, மக்கள் வந்துபோகும் இடத்தில் இருந்தால் அதைப் படம் எடுத்து வெளியிடச் சட்டமே இடம் தருகிறது. சின்ன நகல் வார்த்து விற்பதற்கு சிற்பியின் கையெழுத்து வேண்டும். கலம்காரி துணியில் சாயத்தால் வரைவது. அதை ஓவியம் என்று வாதாடலாம்தான், ஆனால் வாதாடும் நிலைமைக்கே போகாமல் எழுதி வாங்கிவிடுங்கள். ஓவியருக்கு ஒரு விதி, சிற்பிக்கு ஒரு விதி என்று ஏன் வைத்தார்கள்? 2012 வரை எத்தனையோ திருத்தங்கள் வந்தும் இந்தக் குழப்பத்தை ஒருவரும் சரி செய்யவில்லை. அவதிப்படுவது உங்களைப் போன்றவர்களும் அந்தக் கலைஞர்களும்தான்.

இப்போது காண்ட்ராக்டர் விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தில் ஆபத்தான வரியே அந்த 'ஒரே பேக்கேஜ்'தான். சட்டம் பார்ப்பது யார் சொல்லி, யார் பணம் கொடுத்து வரையப்பட்டது என்பதை. ஓவியரை அழைத்தவரும் அவருக்குக் கூலி கொடுத்தவரும் காண்ட்ராக்டர் என்றால், உங்கள் சுவரில் இருக்கும் ஓவியத்தின் காப்புரிமையை அவர் தன்னுடையது என்று சொல்லலாம். நாளைக்கு அதே ஓவியத்தைத் திருவையாற்றில் இன்னொரு விடுதிக்கும் போட்டுக் கொடுப்பார். உங்களால் தடுக்க முடியாது. இப்படிப்பட்ட பேக்கேஜ் பில்கள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. மரவேலை, பெயின்ட், லைட் எல்லாம் சதுர அடிக் கணக்கில் விவரமாக இருக்கும். கடைசியில் 'வால் ஆர்ட், லம்ப்சம்' என்று ஒரு வரி. யார் வரைந்தார், அவருக்கு எவ்வளவு போனது, எதுவும் இருக்காது. இன்னும் சிலர் ஒரு கலைஞரின் படைப்பைச் செல்போனில் படம் எடுத்து, கேன்வாஸில் பிரின்ட் போட்டு, மேலே கொஞ்சம் பொன்னிறம் தடவி, 'லோக்கல் ஆர்ட்' என்று மாட்டிவிடுகிறார்கள். வழக்கு வந்தால் நகல் தொங்குவது உங்கள் சுவரில். முதல் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

அதனால் கலை வேலையை மட்டும் பேக்கேஜிலிருந்து பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு கலைஞருடனும் நீங்களே ஒப்பந்தம் போடுங்கள், பணத்தை அவர் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். காப்புரிமையைக் கைமாற்றும் ஒப்பந்தம் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இணையதளம் உலகம் முழுக்கத் தெரியும் என்பதால் இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள். இணையதளம், மெனு கார்டு, துணிப்பை, சிறிய நகல் என்று பயன்பாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். பையும் நகலும் விற்பனைச் சரக்கு. அவற்றுக்கு ஒவ்வொரு உருப்படிக்கும் கலைஞருக்கு ஒரு தொகை வைப்பதுதான் நியாயம். படைப்புக்குப் பக்கத்தில் அவர் பெயரும் ஊரும் எழுதிய பலகை இருக்கட்டும்.

காப்புரிமையை முழுசாக எழுதி வாங்கினாலும் ஒன்று கலைஞரை விட்டுப் போகாது. படைப்பைச் சிதைத்து அவர் மதிப்பைக் கெடுத்தால் 57-வது பிரிவின்கீழ் அவர் வழக்குப் போடலாம். ஏசி மாட்ட வந்தவர் செம்புக் குழாய்க்காகச் சுவரோவியத்தின் முகத்தில் துளை போடுவது சாதாரணமாக நடக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் கழற்றிக் கிடங்கில் போட்டுப் பாழாக்கினார்கள். சிற்பத்தின் மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2005-ல். அத்தனை பெயர் பெற்ற சிற்பிக்கே நியாயம் கிடைக்க இத்தனை காலம் பிடித்தது என்றால், சிக்கல்நாயக்கன்பேட்டைக்காரர் எங்கே போவார்?

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. சுவரோவியத்தைச் சுவரில் நேரடியாக வரைய வைக்காதீர்கள். சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, திருகாணியில் மாட்டிய பலகைகளில் வரையச் சொல்லுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஈரம் ஏறி உப்புப் பூத்தாலும் ஓவியம் தப்பும். பிற்பாடு அறையை மாற்றினாலும் கழற்றிப் பத்திரமாக வைக்கலாம். வேண்டாம் என்றால் கலைஞரிடமே திருப்பித் தரலாம் என்றும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'பழைய சரக்கு' என்று சிலையோ ஓவியமோ மரச்சிற்பமோ கொண்டுவந்தால், வயது நூறைத் தாண்டியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தாண்டியிருந்தால் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். விற்பவரிடம் உரிமமும் பொருளுக்குப் பதிவுச் சான்றும் இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் காண்ட்ராக்டரிடம் கலைஞர்களின் பெயரும் போன் நம்பரும் கேளுங்கள். தர மறுத்தால் கலை வேலை அவருக்கு வேண்டாம். சுவாமிமலையும் நாச்சியார்கோவிலும் உங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ் தூரம். பட்டறைக்கு நீங்களே போய் வாருங்கள்.