ரயிலிலும் பெர்த், கப்பலுக்கும் பெர்த், மந்திரி சபையிலும் பெர்த்

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் பொருள் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். 'கப்பலுக்கு இன்னும் பெர்த் கிடைக்கலை, சரக்கு நிக்குது' என்று ஆபீசில் அடிக்கடி பேச்சு வரும். வீட்டுக்கு வந்தால் டிவியில் யாருக்கு கேபினட் பெர்த் என்று விவாதம். அம்மாவோ, ஊருக்குப் போக லோயர் பெர்த் போடு என்கிறார். மூன்றும் ஒரே வார்த்தைதானா ஐயா? தமிழில் இதற்கு ஒரே சொல் உண்டா?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: ஒரே வார்த்தைதான் அம்மா. மூன்றில் மூத்தது உங்கள் ஆபீசில் பேசுவது.

நங்கூரம் போட்ட பாய்மரக் கப்பல் ஒரே இடத்தில் நிற்காது. முளையில் கட்டிய மாடு கயிறு எட்டுகிற தூரம்வரை சுற்றிச் சுற்றி மேய்கிற மாதிரி, காற்று திரும்பினால், நீரோட்டம் திரும்பினால், கப்பலும் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பும். அந்த வட்டத்துக்குள் இன்னொரு கப்பல் வந்து நின்றால் இடிதான். அதனால் ஒவ்வொரு கப்பலுக்கும் விட்டுவைக்க வேண்டிய கடல்வெளி இருந்தது பாருங்கள், அதற்குத்தான் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்த் என்று பெயர். அப்புறம் கப்பலை அணைத்துக் கட்டும் இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது, உங்கள் சரக்கு காத்திருப்பது இதற்காகத்தான். பிறகு கப்பலுக்குள்ளேயே மாலுமி படுக்கிற இடமும் பெர்த் ஆனது, கப்பலில் ஒருவருக்குக் கிடைக்கும் வேலையும் பெர்த் ஆனது. படுக்கை, ரயிலுக்கு வந்தது. வேலை, மந்திரி சபைக்குப் போனது. இறுதிப் போட்டிக்குள் நுழைகிற அணிக்கும் பெர்த் கிடைத்தது என்று எழுதுகிறார்கள், அது இந்தக் கடைசி வழியில் வந்ததுதான்.

மந்திரி சபையிலும் இடம் எண்ணித்தான் இருக்கிறது. 2003இல் வந்த 91ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி சட்டமன்ற உறுப்பினர்களில் 15 சதவீதத்துக்கு மேல் அமைச்சர்கள் இருக்கக் கூடாது. நம் 234 பேருக்குக் கணக்குப் போட்டால் முதல்வரையும் சேர்த்து 35.

ஆனால் இந்தச் சொல்லின் முழு கனத்தை நான் உணர்ந்தது காட்பாடி ஜங்ஷனில்தான். வேலூர் மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள் ஊர் திரும்பும் ரயிலில் ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றிரண்டு இரவுப் பயணம். ஒருமுறை முட்டிக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்ட ஒரு பாட்டி, கையில் ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய பிளாஸ்டிக் பை, டிக்கெட்டில் இருப்பதோ அப்பர் பெர்த். கூட வந்த மகனுக்குத் தமிழ் தெரியாது, பெட்டிக்குள் இருந்தவர்களுக்கு வங்காளம் தெரியாது. அவர் 'லோயர் பெர்த், லோயர் பெர்த்' என்று இரண்டே வார்த்தை சொல்லிக் கையைக் கூப்பினார். கீழே உட்கார்ந்திருந்த ஆம்பூர்ப் பையன் சட்டென்று எழுந்து தன் பையைத் தூக்கி மேலே போட்டுவிட்டு ஏறிவிட்டான். அந்த நேரத்தில் அது ஆங்கிலச் சொல்லாக என் காதில் விழவில்லை.

உங்கள் அம்மாவுக்காக ஒரு கணக்கு. ஸ்லீப்பர் பெட்டியில் பெர்த் எண்ணை எட்டால் வகுங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் லோயர், 2 அல்லது 5 மிடில், 3 அல்லது 6 அப்பர், 7 சைடு லோயர், மீதியே இல்லையென்றால் சைடு அப்பர். மிடில் பெர்த்தை இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரைதான் விரித்துப் படுக்கலாம், மற்ற நேரத்தில் கீழே இருப்பவர் உட்கார அதை மடக்கிவிட வேண்டும்.

சரி, தமிழில் ஒரே சொல் உண்டா என்று கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று கிடையாது. ரயிலுக்குப் படுக்கை, மந்திரி சபைக்கு இடம், இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இதே பயணத்தைச் செய்த ஒரு தமிழ்ச் சொல் நம்மிடம் இருக்கிறது: துறை. ஆற்றில் இறங்குகிற இடம் துறை, படகு வந்து நிற்கிற இடம் துறை, துணி வெளுக்கிற இடம் வண்ணான் துறை. அந்தத் தண்ணீர்க்கரைச் சொல்தான் படிப்புக்குப் போய் 'எந்தத் துறையில் படிக்கிறாய்' ஆனது, அரசாங்கத்துக்குப் போய் காவல்துறை, கல்வித்துறை ஆனது. ஒன்றில் கரைகண்டவரைத் 'துறைபோனவர்' என்பதும் பழைய வழக்கு. ஆக, ஒருவருக்கு கேபினட் பெர்த் கிடைத்து அவருக்குத் துறை ஒதுக்கினார்கள் என்று செய்தி வந்தால், அந்த ஒரே வரியில் இங்கிலாந்துக் கப்பலும் நிற்கிறது, நம் படகும் நிற்கிறது. வெறும் மணலாகக் கிடக்கிற பாலாற்றைத் தினமும் தாண்டிப் போகிற எனக்கு, துறை என்ற சொல்லாவது ஈரமாக இருக்கிறதே என்று தோன்றும்.

கேள்வி: பெர்த் சர்டிபிகேட் என்கிறோமே, அதுவும் இதுதானா? ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் நடக்கிற பெர்த்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: மூன்றும் வேறு வேறு. தமிழில் எழுதும்போதுதான் ஒன்றாகத் தெரிகின்றன. ஆஸ்திரேலியா பெர்த் ஊர்ப்பெயர், ஸ்காட்லாந்தில் உள்ள பெர்த்தின் பெயரை வைத்தது, அதில் முதல் எழுத்தைப் 'பழம்' என்பதில் வருகிற மாதிரி சொல்ல வேண்டும். பிறப்புக்கும் படுக்கைக்கும் ஆங்கிலேயர் வாயிலேயே ஒரே உச்சரிப்பு, எழுத்துதான் வேறு. ஒரு காலத்தில் அதுவும் வேறாக இல்லை, கப்பல் பெர்த்தையும் பிறப்புக்கான எழுத்திலேயே எழுதியிருக்கிறார்கள். சுமப்பது என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்தது பிறப்பு. கப்பல் பெர்த்தும் அதே குடும்பம்தான் என்பது பலர் கருத்து. சர்டிபிகேட்டுக்கு மட்டும் நாம் பிறப்புச் சான்றிதழ் என்றே சொல்லிவிடலாம், குழப்பமே வராது.

கேள்வி: ஒருவருக்கு 'வைட் பெர்த்' கொடு என்றால் பெரிய படுக்கை கொடு என்றா அர்த்தம்?
– மாணவி, காட்பாடி

பதில்: இல்லை அம்மா, ஒதுங்கிப் போ என்று அர்த்தம். மேலே சொன்ன கப்பல் வட்டம்தான் இது. அடுத்த கப்பல் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது, ஆகவே தாராளமாக இடம் விட்டுத் தள்ளிப் போ. 'துஷ்டனைக் கண்டால் தூர விலகு' என்று மொழிபெயர்த்தால் கச்சிதமாக இருக்கும். நம் பக்கத்துக் காளை விடும் விழாவில் வாடியிலிருந்து காளை கிளம்பியதும், தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் தடுப்புக்குப் பின்னால் ஒடுங்கி நடுவில் வழி விடுகிறதே, அதுதான் வைட் பெர்த்.